சிலையின் கீழ் எழுதியிருப்பது

மகள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது அவளுடைய வகுப்பைச் சிட்னி நகருக்குள் ஒரு கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனார்கள். ஹைட் பார்க் பரக்ஸ் என்ற பழைய கைதிகள் விடுதி, அதற்கு எதிரே இருக்கும் ஹைட் பார்க் பூங்கா, பிறகு ரயிலில் வீடு. உதவிக்கு வந்த பெற்றாரில் நானும் ஒருவன். பிள்ளைகளின் கையில் எட்டுப் பக்கப் பயிற்சித் தாள் இருந்தது. கட்டடத்தை வடிவமைத்தவர் யார்? எந்த ஆண்டு கட்டி முடிந்தது? கைதிகள் எதில் படுத்தார்கள்? பூங்காவில் கப்டன் குக்கின் சிலைக்கு முன்னால் கடைசிக் கேள்வி: சிலையின் கீழ் இருக்கும் ஆண்டைப் பார்த்து எழுதுக. எல்லாப் பிள்ளைகளும் 1770 என்று எழுதினார்கள். எல்லோருக்கும் சரி.

அன்றிரவு மகள் அந்தத் தாளை அம்மம்மாவுக்குக் காட்டினாள். 'செட்டிலர்ஸ்' என்ற சொல்லுக்குத் தமிழ் தெரியாமல் என்னைப் பார்த்தாள். "குடியேறின ஆக்கள்" என்று சொல்லிக்கொடுத்தேன். அம்மம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அப்ப இஞ்சையும் குடியேற்றம்தானோ, தம்பி? கல்லோயாவிலை செய்த மாதிரியோ?"

மகளுக்குக் கல்லோயா தெரியாது. ஆனால் அம்மம்மாவின் குரல் மாறியதைக் கவனித்துவிட்டாள். "அப்ப நாங்களும் செட்டிலர்ஸா, அப்பா?" என்றாள்.

எட்டுப் பக்கத்தில் ஓர் இடத்திலும் இல்லாத இரண்டு கேள்விகள். பாட்டியும் பேத்தியும் அரை நிமிடத்தில் கேட்டுவிட்டார்கள். அன்று நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சிட்னியிலும் மெல்பேர்ணிலும் பாடசாலைகள் பிள்ளைகளை அழைத்துப் போகும் இடங்கள் சிலவற்றுக்கு நானாகவே போய்ப் பார்த்தேன். ஒரு நூலை வாசிப்பதுபோல அந்த இடங்களை வாசிக்க முயன்றதில் கிடைத்தவையே இந்தக் குறிப்புகள்.

*

முதலில் பரக்ஸ். நியாயமாகச் சொன்னால் இந்த நாட்டில் நான் பார்த்த சிறந்த 'நூல்'களில் அது ஒன்று. ஆளுநர் மக்குவாரியின் காலத்தில், கைதிகளைக் கொண்டே கைதிகளுக்காகக் கட்டி, 1819இல் முடித்த கட்டடம். வடிவமைத்த பிரான்சிஸ் கிரீன்வேயும் கைதிதான். கள்ளப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காக நாடு கடத்தப்பட்டவர். 1966இல் தசமப் பணம் வந்தபோது முதலாவது பத்து டொலர்த் தாளில் அவருடைய படத்தைத்தான் போட்டார்கள். கள்ளப் பத்திரக்காரரின் முகம் பணத்தாளில்! பிள்ளைகள் இதை ஒருபோதும் மறக்கமாட்டார்கள். நிலப்பலகைகளுக்கு அடியில் எலிகள் இழுத்துச் சேர்த்த துணித்துண்டுகளும் சில்லறைப் பொருட்களும் இன்று அருங்காட்சியகத்தின் செல்வங்கள் என்பதையும் மறக்கமாட்டார்கள். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த 11 அவுஸ்திரேலியக் கைதித் தலங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் இந்த நூலுக்கு இரண்டாம் அத்தியாயம் உண்டு. 1848இல் கைதிகள் வெளியேறிய பிறகு இதே கட்டடம் கப்பலில் வந்திறங்கிய பெண்களின் தங்குமிடமாயிற்று. அவர்களில் ஒரு பகுதியினர் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த பதின்வயதுப் பெண்பிள்ளைகள். 1848க்கும் 1850க்கும் இடையில் இத்தகைய 4,000க்கும் மேற்பட்டவர்களைப் பிரித்தானிய அரசு அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. வந்த இடத்தில் பத்திரிகைகள் அவர்களைத் தூற்றின. வேலை தெரியாதவர்கள், ஒழுக்கம் இல்லாதவர்கள் என்றார்கள். எதிர்ப்பு வலுத்ததும் திட்டமே கைவிடப்பட்டது.

அவர்களுக்கு 1999இல் பரக்ஸின் மதிற்சுவரில் ஒரு நினைவுச்சின்னம் அமைத்தார்கள். சுவரை ஊடறுத்து நிற்கும் ஒரு மேசை, ஒரு வெறும் கிண்ணம், கண்ணாடியில் பெயர்கள். வடித்தவர்கள் ஏஞ்சலா வலமனேஷும் ஹொசைன் வலமனேஷும். ஹொசைன் ஈரானில் பிறந்து இங்கே குடியேறியவர். எங்கள் பிள்ளைகள் அதைக் கடந்துதான் உள்ளே போனார்கள். பயிற்சித் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2009க்குப் பிறகு படகில் வந்தவர்களைப் பற்றி இந்த நாட்டில் பேசப்பட்டதைக் கேட்டு வளர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அந்த வெறுங்கிண்ணத்தின் முன் ஐந்து நிமிடம் கொடுத்திருந்தால், அது தன்னுடைய கதையையும் அங்கே கண்டிருக்கும்.

2020இல் புதுப்பித்துத் திறந்த பிறகு பரக்ஸில் பார்வையாளருக்கு ஒரு ஹெட்போன் தருகிறார்கள். நாம் எந்த அறையில் நிற்கிறோமோ அந்த அறையின் கதை காதுக்குள் தானாக ஓடும். வேலைப்பாடு அருமை. நிலம் பறிபோன பூர்வகுடிகளின் குரலும் அதில் உண்டு. முன்னைய காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய திருத்தம். எனக்குள்ள குறை வேறு. ஹெட்போன் போட்ட பத்துப் பேர் ஒரே அறையில் நின்றாலும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. கதை முடிந்ததும் அடுத்த அறைக்கு நகர்கிறார்கள். வரலாற்றை அப்படித் தனியே இருந்து கேட்கலாம். குடியியலை அப்படிக் கற்க முடியாது. பக்கத்தில் நிற்பவரோடு முரண்பட்டுப் பேசிப் பழகுவதில்தான் அது தொடங்குகிறது.

*

பூங்காவில் அந்த முரண்பாடு கல்லிலும் உலோகத்திலும் தயாராக நிற்கிறது. குக்கின் சிலையை 1879இல் திறந்தார்கள். அவர் இந்த நிலப்பரப்பை 1770இல் கண்டுபிடித்தார் என்று பீடத்தில் வெட்டியிருக்கிறது. ஆண்டை எழுதச் சொன்ன பயிற்சித் தாள், அதே வரியில் இருக்கும் வினைச்சொல்லைக் கேட்கவில்லை. 'கண்டுபிடித்தார்' என்ற சொல்தான் அந்தச் சிலையின் முழு வாதமும். 2017 ஆகஸ்டில் விராஜுரி இனத்தைச் சேர்ந்த ஊடகவியலாளர் ஸ்டான் கிராண்ட் அந்தச் சொல்லைத்தான் சுட்டிக்காட்டினார். சிலையை உடைக்கும்படி அவர் கேட்கவில்லை. ஆட்கள் வாழ்ந்த நிலத்தை ஒருவர் எப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்று கேட்டார். அடுத்த சில நாட்களில் யாரோ சிலையின் மேல் வண்ணம் தெளித்தார்கள். அதோடு பேச்சு வண்ணம் தெளித்ததைப் பற்றியதாக மாறிவிட்டது. அந்த வினைச்சொல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

அங்கிருந்து சில நிமிட நடையில், அன்சாக் நினைவாலயத்தின் பக்கம், வேறொரு 'பக்கம்' இருக்கிறது. பிரமாண்டமான துப்பாக்கி ரவைகள் நான்கு நிமிர்ந்து நிற்கின்றன. வெற்றுத் தோட்டாக்கள் மூன்று விழுந்து கிடக்கின்றன. அவுஸ்திரேலியப் படைகளில் போரிட்ட பூர்வகுடி மக்களுக்காகச் சிட்னி நகரசபை 2015இல் நிறுவிய 'யினின்மாஜெமி'. செய்தவர் டோனி அல்பேர்ட். இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு, சக வீரர்கள் மூவர் சுடப்படத் தான் தப்பிய பாட்டனின் கதையிலிருந்து அவர் இதை எடுத்தார். போர் முடிந்து வந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு அரசு காணி பிரித்துக் கொடுத்தபோது பூர்வகுடிச் சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. யாருடைய காணியை யாருக்குப் பிரித்தார்கள் என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒரே பூங்காவில், ஒரே பொதுக் காசில், ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு வாக்கியங்கள். குடியியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல பாடநூல் எங்கே கிடைக்கும்? எங்கள் வகுப்பு முதல் வாக்கியத்தில் ஆண்டைக் குறித்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனது. ஆசிரியையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெய்யில், கழிவறை, தொப்பி, ரயில் நேரம், இருபத்தைந்து பிள்ளைகள். பதில் சரியா பிழையா என்று திருத்தக்கூடிய கேள்விகளைத்தான் அந்த நெருக்கடியில் யாரும் தயாரிப்பார்கள். அதன் விலையை வேறோர் இடத்தில் கொடுக்கிறோம். ஆறாம், பத்தாம் வகுப்பு மாணவரின் குடியியல் அறிவைத் தேசிய மட்டத்தில் 2004 முதல் அளந்து வருகிறார்கள். 2019இல் ஆறாம் வகுப்பில் 53 சதவீதமானோரும் பத்தாம் வகுப்பில் 38 சதவீதமானோரும் எதிர்பார்த்த தரத்தை எட்டியிருந்தார்கள். 2024இல் அது 43, 28 என்று விழுந்தது. தொடங்கிய காலத்திலிருந்து இதுவே ஆகக் குறைவு. இத்தனைக்கும் 150 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து கன்பராவுக்கு வந்து பாராளுமன்றத்தைப் பார்க்கும் பாடசாலைகளுக்கு மத்திய அரசு செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. பிள்ளைகள் இடங்களைப் பார்க்கத்தான் செய்கிறார்கள். பார்த்த இடத்தில் என்ன கேட்டார்கள் என்பதில்தான் குறை.

*

மெல்பேர்ணில் பிட்ஸ்ரோய் கார்டன்சுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துப் போய்ப் படம் எடுக்கும் இடம். அங்கே குக்கின் குடிசை என்று ஒரு சின்னக் கல்வீடு உண்டு. குக்கின் பெற்றார் 1755இல் யோர்க்‌ஷயரில் கட்டியது. அப்போது குக் வளர்ந்து கடற்படையில் சேர்ந்துவிட்ட ஆள். அந்த வீட்டில் அவர் வாழ்ந்ததற்குச் சான்று இல்லை. மெல்பேர்ண் இருக்கும் இடத்தில் அவர் காலடி வைத்ததும் இல்லை. நகரின் நூற்றாண்டு விழாவுக்காக ரசல் கிரிம்வேட் என்ற செல்வந்தர் அதை விலைக்கு வாங்கி, கல் கல்லாகக் கழற்றி, 253 பெட்டிகளிலும் 40 பீப்பாய்களிலும் அடைத்துக் கப்பலில் ஏற்றி, 1934இல் இங்கே நிறுத்தினார். வீடு இங்கிலாந்தை விட்டுப் போகக்கூடாது என்று விற்றவர் முதலில் நிபந்தனை வைத்தாராம். 'இங்கிலாந்து' என்ற இடத்தில் 'பேரரசு' என்று மாற்றியதும் சம்மதித்தாராம்.

1755ஐப் பற்றி அந்த வீடு நமக்குச் சொல்வது கொஞ்சம். 1934ஐப் பற்றிச் சொல்வது மிக அதிகம். நூறு வயதான ஒரு நகரம் தனக்கென்று ஒரு தொன்மையைக் கப்பலில் வரவழைத்துக்கொண்டது. அதே பூங்காவில் பட்டை உரித்தெடுத்த தழும்போடு ஒரு பழைய மரத்தின் அடிப்பகுதி நிற்கிறது. பட்டையைச் செதுக்கிப் பயன்படுத்தியவர்கள் இந்த மண்ணின் மக்கள். தொன்மை வேண்டுமென்றால் அது பக்கத்திலேயே இருந்தது. குடிசையில் சீட்டு வாங்கிப் போகிறோம். மரத்தைக் கடந்து போகிறோம்.

இன்னொரு நடை. பழைய மெல்பேர்ண் சிறைச்சாலைக்கு அருகே துன்னர்மின்னர்வெயிட், மௌல்போய்ஹீனர் என்ற இரு தஸ்மேனியப் பூர்வகுடி ஆண்களுக்கு 2016இல் எழுப்பிய நினைவுச்சின்னம் இருக்கிறது. 1842 ஜனவரி 20இல் இந்த நகரம் தூக்கிலிட்ட முதல் மனிதர்கள் அவர்கள். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் ரெட்மண்ட் பெரி. பூர்வகுடிகள் சத்தியம் செய்து சாட்சி சொல்ல அன்று சட்டம் இடம் தரவில்லை; அந்த இருவரும் தங்கள் தரப்பைச் சொல்ல முடியாமலே குற்றவாளிகளானார்கள். அதே பெரி பிறகு நீதிபதியாகி 1880இல் நெட் கெலிக்கு மரணதண்டனை விதித்தார். மாநில நூலகமும் மெல்பேர்ண் பல்கலைக்கழகமும் உருவாகக் காரணமானவரும் அவரே. நூலகத்தின் வாசலில் அவர் சிலை நிற்கிறது. சிறை, நினைவுச்சின்னம், நூலகம் மூன்றையும் ஒரு மணி நேரத்துக்குள் நடந்து முடிக்கலாம். சட்டம் என்றால் என்ன, நீதி என்றால் என்ன, இரண்டும் ஒன்றா என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்க இந்த நடை போதும். பிள்ளைகள் பெரும்பாலும் கெலியின் முகமூடியோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

அடுத்தது ரோயல் எக்ஸிபிஷன் கட்டடம். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் படித்த நம் பிள்ளைகளுக்கு அது பரீட்சை மண்டபம். அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து எழுதியவர்களில் எத்தனை பேருக்கு அங்கே 1901 மே 9இல் அவுஸ்திரேலியாவின் முதலாவது பாராளுமன்றம் திறந்து வைக்கப்பட்டது தெரியும்? கூடிய அந்தப் பாராளுமன்றம் அதே ஆண்டின் இறுதிக்குள் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. விரும்பாத ஆளுக்கு ஐரோப்பிய மொழியொன்றில் 50 சொற்களைச் சொல்வதெழுதுதலாகக் கொடுத்துத் தோற்கடிக்கும் சட்டம். அந்தச் சோதனை 1958 வரை இருந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்து உலகுக்கு முன்னோடியாக நின்ற அதே சட்டம் அவுஸ்திரேலிய, ஆசிய, ஆபிரிக்கப் பூர்வீகத்தாரை வாக்காளர் பட்டியலிலிருந்து விலக்கியது.

இந்த இடத்தில் ஒரு தமிழர் வருகிறார். வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணியில் பாடசாலைத் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி. பேரரசின் குடிகளான இந்தியர்களுக்குச் சம உரிமை கேட்டு 1922இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளுக்குப் பயணம் செய்தார். 1924இல் மெல்பேர்ணில் வாழ்ந்த மித்தா புல்லோஷ் என்ற இந்தியர் தன் வாக்குரிமைக்காக நீதிமன்றம் போய் வென்றார். 1925இல் சட்டம் திருத்தப்பட்டு 'பிரித்தானிய இந்தியாவின் பூர்வீகத்தார்' வாக்களிக்கலாம் என்றாயிற்று. இதை நம் பிள்ளைகளுக்குப் பெருமையோடு சொல்லலாம். பெருமையோடு நிறுத்திவிடக் கூடாது. இலங்கை அப்போது வேறு குடியேற்றநாடு; அந்தச் சொற்றொடருக்குள் யாழ்ப்பாணத்தார் அடங்கவில்லை. இந்த மண்ணின் மக்கள் எல்லோருக்கும் மத்திய அரசுத் தேர்தலில் வாக்குரிமை வந்தது 1962இல். விலக்கப்பட்டவர்களின் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு பக்கக் கதவு திறந்தது. சிலர் உள்ளே போனார்கள், கதவு மூடிக்கொண்டது. குடியேறியவர் வரலாறு முழுவதிலும் இந்தக் கதவு வருகிறது.

*

இவ்வளவு நேரம் பார்த்தவை எல்லாம் கல்லும் பலகையும் உள்ள இடங்கள். என்னை அதிகம் பாதித்த இடத்தில் ஏறத்தாழ ஒன்றும் இல்லை.

மேற்குச் சிட்னியில் பிளாக்டவுன் மாநகரசபைக்குள், ரிச்மண்ட் வீதியோரம் ஓக்ஹேர்ஸ்ட் பகுதியில் ஒரு புல்வெளி இருக்கிறது. பக்கத்தில் எத்தனையோ தமிழ் வீடுகள். ஆளுநர் மக்குவாரி பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றாரிடமிருந்து பிரித்து ஆங்கிலேயர் முறையில் வளர்ப்பதற்கென்று பரமட்டாவில் தொடங்கிய பாடசாலையை 1823இல் இங்கே மாற்றினார்கள். 'நேட்டிவ் இன்ஸ்டிடியூஷன்' என்று பெயர். பிளாக்டவுன் என்ற ஊர்ப்பெயர் இதிலிருந்து வந்ததுதான். 2018இல் இந்த நிலம் தாருக் மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது.

பாடசாலை பரமட்டாவில் இருந்த காலத்தில், 1819இல், ஒரு பொதுப் பரீட்சை நடந்தது. ஏறத்தாழ நூறு வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு இருபது பூர்வகுடிப் பிள்ளைகளும் எழுதினார்கள். முதற்பரிசு பதினான்கு வயதுள்ள ஒரு கறுப்பினச் சிறுமிக்குக் கிடைத்ததாகச் சிட்னி கசற் பத்திரிகை எழுதியது. யாரமுண்டி என்ற தலைவரின் மகள் மரியாவே அவள் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

நம் சமூகத்துக்கு இதைவிட நெருக்கமான கதை உண்டா? செலக்டிவ் பாடசாலைப் பரீட்சைக்காக எட்டு வயதிலேயே பிள்ளையை ரியூஷனுக்கு அனுப்புகிற நமக்கு, முதலாம் இடம் என்றால் என்னவென்று நன்றாகப் புரியும். மரியாவின் கதை பரிசோடு முடியவில்லை. 1824இல் ரொபேர்ட் லொக் என்ற கைதித் தச்சரை மணந்தார். 1831இல் ஆளுநர் டார்லிங்குக்கு மனு எழுதினார்: இறந்துபோன தன் சகோதரன் கோல்பீக்கு பிளாக்டவுனில் கொடுத்த காணி தனக்கு வரவேண்டும் என்று. உடனே கிடைக்கவில்லை. விடாமல் கேட்டார். 1843இல் அந்த 30 ஏக்கர் அவர் கைக்கு வந்தது.

பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளைக்குப் பரீட்சை காணி வாங்கித் தரவில்லை. பரீட்சைக்காகக் கற்ற எழுத்தைக் கொண்டு அவர் எழுதிய மனு வாங்கித் தந்தது, அதுவும் பன்னிரண்டு ஆண்டு கழித்து. தன்னுடைய மக்களின் நிலத்தில் ஒரு துண்டைத் தனக்குத் தரும்படி அந்நிய ஆளுநரிடம் அவர் அந்நிய மொழியில் கேட்க வேண்டியிருந்தது. அந்த மொழியைக் கற்பித்த பாடசாலைதான் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்தது. கல்வி என்பது கொடையா, பறிப்பா? இரண்டும்தான் என்று அந்தப் புல்வெளியில் நின்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடியும். கட்டடம் ஒன்று அங்கே இருந்திருந்தால் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்போம். ஒன்றும் இல்லாததால் கேட்கத் தோன்றுகிறது.

நாம் நெருங்கி வாழும் இன்னும் சில இடங்களையும் சொல்லலாம். டூங்காபி 1791இல் அரசு தொடங்கிய பண்ணை. கைதிகள் மாடாக உழைத்த இடம். 1797இல் பெமுல்வுயின் தலைமையில் பூர்வகுடி வீரர்கள் தாக்கியது அந்தப் பண்ணையை. தொடர்ந்து பரமட்டாவில் நடந்த மோதலில் ஏழு ரவை பாய்ந்தும் உயிர் தப்பிய பெமுல்வுய் 1802இல் கொல்லப்பட்டார். அவருடைய தலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இன்று புரொஸ்பெக்ட் குன்றின் அருகே அவர் பெயரில் ஒரு குடியிருப்பே இருக்கிறது. அங்கே வீடு வாங்கிய நம்மவர்கள் உண்டு. வீட்டின் விலை தெரியும். பெயரின் விலை தெரியாது.

*

இனி நம் பக்கம். நம் வாரஇறுதித் தமிழ்ப் பாடசாலைகளின் உழைப்பைக் குறைத்துப் பேசமாட்டேன். தமிழை உயர்தரப் பரீட்சைப் பாடமாக எழுதும் பிள்ளைகளை உருவாக்கியவர்கள் சம்பளமில்லாமல் சனிக்கிழமைகளைக் கொடுத்தவர்கள். ஆனால் அங்கே நாம் வரலாறு சொல்லும் விதத்தைக் கவனித்தால், குக்கின் சிலையின் கீழ் உள்ள வாக்கியத்தின் இலக்கணம்தான் தெரிகிறது. ராஜராஜன் வென்றான், சங்கிலியன் எதிர்த்தான், பண்டாரவன்னியன் வீழ்ந்தான். எழுவாய், வினை, ஆண்டு. பிள்ளை பார்த்து எழுதுகிறது. எல்லோருக்கும் சரி.

நினைவிடம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. 1981இல் யாழ் நூலகம் எரிந்தது. போருக்குப் பிறகு துயிலும் இல்லங்களை இடித்து மண்ணோடு மண்ணாக்கினார்கள். கோப்பாயில் அதன் மேல் இராணுவ முகாம் கட்டினார்கள். யாழ் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8இல் இரவோடிரவாக இடித்தார்கள். மாணவர் எதிர்த்து நின்றதால் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. வெறும் நிலத்தின் முன் நின்று அழத் தெரிந்த சமூகம் நாம். ஆனால் ஓக்ஹேர்ஸ்டின் வெறும் நிலத்தைக் காரில் கடந்து போகிறோம்.

இதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். வெளியேற்றியவர்கள் நம் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நம்மவரை நம்மவரே மறித்தார்கள். இவற்றை எந்த வாரஇறுதி வகுப்பில் சொல்கிறோம்? வெள்ளைக்காரர் தம் சிலையின் கீழ் இரண்டாவது பலகை வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், நம் சிலைகளின் கீழ் அப்படி ஒன்றுக்கு இடம் விட்டிருக்கிறோமா? சிங்களத் தேசியவாதத்தின் பாடநூலைக் கண்டித்து வளர்ந்த தலைமுறை, அதே மாதிரிப் பாடநூலைத் தமிழில் எழுதி இங்கே பிள்ளையின் கையில் கொடுத்தால், பிள்ளைக்கு மொழி மட்டும்தான் மாறும்.

"வந்த இடத்தில் நமக்கேன் இந்த வம்பு?" என்று நண்பர்கள் சொல்வதுண்டு. விருந்தாளி வீட்டுச் சண்டையில் தலையிடக்கூடாது என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் நாம் விருந்தாளிகள் அல்லர். பிரஜாவுரிமை எடுத்து, வாக்களிக்காவிட்டால் தண்டம் கட்டும் நாட்டின் குடிமக்கள். 2023 ஒக்டோபர் 14இல் பூர்வகுடிகளின் குரலை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்று நாடு கேட்டது. 60 சதவீதமானோர் வேண்டாம் என்றார்கள். ஆம் என்றவர்களிலும் வேண்டாம் என்றவர்களிலும் நாமும் இருந்தோம். என் கவலை நாம் எந்தப் பக்கம் புள்ளடி போட்டோம் என்பதில் இல்லை. அந்த வாக்குச்சீட்டை எந்த அறிவோடு கையில் எடுத்தோம் என்பதில்தான். ஈழத்தில் நிலமும் மொழியும் ஊர்ப்பெயரும் எப்படிப் பறிபோகும் என்று அறிந்தவர்கள், இங்கே அதே வாக்கியத்தை ஆங்கிலத்தில் வாசித்தபோது அடையாளம் கண்டோமா?

அம்மம்மாவின் ஒப்பீட்டை அப்படியே ஏற்கச் சொல்லவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் 1788இல் தொடங்கிய சிட்னியும் ஒன்றல்ல. அளவு வேறு, சட்டம் வேறு, அழிவு வேறு. ஆனால் அவருடைய கேள்வி ஒன்றைச் செய்தது. 'செட்டில்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல் மகளின் காதில் தூக்கம்போல விழுந்தது. 'குடியேற்றம்' என்ற தமிழ்ச் சொல் ஒரு கிழவியின் நினைவைச் சுமந்து வந்து அதை எழுப்பியது. கைதிகளாக வந்த ஏழைகளும், கல்லோயாவுக்குக் கொண்டுவந்த ஏழைச் சிங்கள விவசாயிகளும் தாங்கள் வகுக்காத ஒரு திட்டத்துக்குள் காணி பெற்றவர்கள் என்பதையும் அதே சொல் யோசிக்க வைக்கிறது. தமிழ்ப் பாடசாலை இந்த நாட்டு வரலாற்றுக்குக் கொடுக்கக்கூடிய பங்களிப்பு இதுதான்: அதே இடத்தைக் காயம்பட்ட வேறொரு மொழியில் வாசித்துக் காட்டுவது.

செய்வது கடினமில்லை. தவணைக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பறையைப் பூட்டிவிட்டுப் பரமட்டா பார்க்குக்குப் போகலாம், டூங்காபிக்குப் போகலாம், ஓக்ஹேர்ஸ்டுக்குப் போகலாம். மெல்பேர்ணில் சிறையிலிருந்து நூலகம் வரை நடக்கலாம். தாருக் மக்களில், வுருண்ட்ஜெரி மக்களில் பேசச் சம்மதிப்பவர் இருந்தால் அவரை அழைத்து, உரிய சன்மானம் கொடுத்துக் கேட்கலாம். பிள்ளைகளிடம் தாள் கொடுக்க வேண்டுமென்றால் அதில் பலகையை எழுதியது யார், எப்போது, யாருடைய காசில், யார் அதில் இல்லை என்ற கேள்விகள் இருக்கட்டும். அம்மம்மாமாரையும் கூட்டிக்கொண்டு போவது முக்கியம். நல்ல கேள்விகள் அவர்களிடம்தான் இருக்கின்றன.

மகளின் கேள்விக்கு நான் பிறகு பதில் சொன்னேன். "ஓம், நாங்களும்தான்" என்றேன். கோபிப்பாள், வருந்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, "அப்ப நாங்கள் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குச் சிலையின் கீழே பார்த்து எழுத ஒன்றும் இல்லை. அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் ஓக்ஹேர்ஸ்டுக்குப் போனோம்.